பட்டியலில் இல்லாத முப்பத்தொன்று

தண்டர் பே,
செப்டம்பர் 14

அன்புள்ள ஆர்லீன் அக்காவுக்கு,

தம்பி ரஸ்ஸல் எழுதுவது. நானும் டெனிஸும் டெஸ்ஸாவும் சுகம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நீ படி ஏறி இறங்குகிறாய் என்று அத்தான் சொன்னார், சந்தோஷம்.

போன மாதம் நான் எழுதியதற்கு நீ ஏன் பதில் போடவில்லை என்று எனக்குத் தெரியும். அப்பா தன் கையால் கட்டிய ஏரிக்கரை வீட்டை விற்றுவிடலாமா என்று கேட்டவனுக்கு என்ன பதில் போடுவாய்! அக்கா, அந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. வீடு பிழைத்தது. ஊர் ஊராகப் போய் ஆடும் பெரிய ஐஸ் ஹாக்கி அணிக்கு டெஸ்ஸாவை எடுக்கவில்லை!

பெற்ற மகள் தோற்றதற்கு ஆச்சரியக்குறியா என்று திட்டாதே, நான் பட்ட பாட்டைக் கேள். பிள்ளைக்குக் கால் வளருமே, இரண்டு வருஷம் வரட்டும் என்று பனியில் சறுக்கும் ஸ்கேட்ஸ் பூட்ஸை இரண்டு அளவு பெரிதாக வாங்கி, மூன்று ஜோடிக் கம்பளிக் காலுறை மாட்டி அனுப்பினேன், "இது ஸ்கேட்ஸா, படகா?" என்று கேட்டார் பயிற்சியாளர் அம்மா. சரியென்று அதைப் பாதி விலைக்கு, அதே அணியில் ஆடும் இன்னொரு பெண்ணின் அப்பன் ஜெர்ரியிடம் தள்ளிவிட்டுப் புதிது வாங்கினால், நாலே மாதத்தில் இவள் கால் பழைய ஸ்கேட்ஸுக்குச் சரியாக வளர்ந்து நின்றது, அதை ஜெர்ரியிடமே முழு விலை கொடுத்துத் திரும்ப வாங்கினேன். எங்கள் வீட்டு அடுப்பு விலைக்கு ஒரு மட்டை வாங்கினேன், முதல் ஆட்டத்தின் நாலாவது நிமிஷத்தில் இரண்டு துண்டு. இது போதாதென்று, அணிக்கு நிதி திரட்ட ஒவ்வொரு குடும்பமும் நாற்பது பெட்டி டாய்லெட் பேப்பர் விற்க வேண்டும் என்றார்கள்; என் தலை தெரிந்தாலே தெருவில் திரைச்சீலை மூடுகிறது, பதினெட்டுப் பெட்டி இன்னும் கார் ஷெட்டில், கார் வாசலில். இதெல்லாம் சின்ன அணிக்கே. பெரிய அணி என்றால் குளிர்காலம் முழுக்க வாரம் தவறாமல் வின்னிபெக், டுலூத், ஓட்டல் அறை, பெட்ரோல். அதற்குத்தான் ஏரிக்கரை வீட்டில் கண் வைத்தேன்.

நேற்று தேர்வு. எல்லா அப்பன்களும் கையில் காபியோடு பனி அரங்கின் குளிரில் உறைந்து உட்கார்ந்திருந்தோம். "உன் பொண்ணு கண்டிப்பா வந்துருவா, பாரேன்" என்றான் ஜெர்ரி. "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருய்யா" என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் வரக்கூடாதென்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். வேண்டுதல் பலித்தது. பக்கத்தில் ஒருத்தரும் இல்லாத இடத்தில் மூன்று தடவை விழுந்தாள். தேர்வானவர்களின் சட்டை எண்களை ஒட்டியபோது இவளுடைய முப்பத்தொன்று இல்லை. நான் ஜெர்ரிக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். அவன் என்னைத் தேற்றினான்.

திரும்பும்போது டெஸ்ஸா அழவே இல்லை. "அப்பா, நீ விசில் அடிச்சுக்கிட்டே ஓட்டுற" என்றாள். சட்டென்று நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப ஏரி வீட்ட விக்க வேணாம்ல?" என்றாள். "வேணாம்டா கண்ணு" என்றேன். எவ்வளவு பொறுப்பான பிள்ளை பார்!

ஆகவே கோடையில் வா. சானா நீராவி அறையைச் சூடேற்றி வைக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் தம்பி,
ரஸ்ஸல்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் டெனிஸ் இதைப் படித்தாள். "ஏங்க, மூணு வயசுலேருந்து ஸ்கேட்ஸ் மாட்டுறவ, ஆளில்லாத எடத்துல மூணு தடவ விழுவாளா? நீங்க போன மாசம் உங்க அக்காவுக்கு எழுதினத அவ படிச்சிருக்கா. இதுகூடப் புரியலயா உங்களுக்கு?" என்றாள். மறுநாள் காலை பயிற்சியாளர் அம்மாவின் வாசலில் போய் நின்று, இன்னொரு தடவை பாருங்கள் என்று கெஞ்சினேன். பார்த்தார். ஒரு தடவைகூட விழவில்லை. எடுத்துக்கொண்டார். திரும்பும்போது மறுபடி விசில் அடித்தேன், இந்தத் தடவை அவளும் சேர்ந்து அடித்தாள். எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, போன மாதக் கடிதம் அடுப்பில் போகாமல் இருந்தால் எடுத்துப் படி. முடிந்தால் ஏரி வீட்டில் என் பாதியை நீயே வாங்கிக்கொள். பதினெட்டுப் பெட்டி டாய்லெட் பேப்பர் இலவசம்.