ஏழு கிராமம், பதினோரு நிறுத்தம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் காரும் நலம். அங்கே நீயும் மருமகளும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் நம் வாசல் தூணில் காரை நான் லேசாக உரசியதும், "போதும்ப்பா, அறுபத்தேழு வயசாச்சு, வண்டியை வித்துடலாம்" என்று போனில் சொன்னாய். முப்பத்து நான்கு வருஷம் பஸ் ஓட்டியவனிடம் சொல்கிற பேச்சா அது? தூண்தான் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறது. சரி போகட்டும். பழைய கிராமங்களைச் சுற்றிவரும் அந்தப் பாதையில், ஏழு கிராமம், எண்பது கிலோமீட்டர், அம்மாவை உட்காரவைத்து ஒரு குறையுமில்லாமல் சுற்றி வந்தால் கார் எங்களுக்கு, இல்லாவிட்டால் சாவி உனக்கு என்று பேசிக்கொண்டோம். நேற்று போய் வந்தோம். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். அம்மா சுற்றுலாப் புத்தகத்தை மடியில் விரித்து, "மூணாவது ஊர்ல கல்பாலமாம், முந்நூறு வருஷத்துப் பாலமாம், இறங்கிப் பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். "நிறுத்தறேன்" என்றேன். வழியில் மொத்தம் பதினோரு பஸ் நிறுத்தம், அதில் ஒன்று முதல் கிராமத்து முகப்பில். ஒரு நர்சம்மா நின்றிருந்தார். சத்தியமாக நான் ஒன்றும் நினைக்கவில்லை, என் கால்தான் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. "நாலாவது ஊர் போகுமா?" என்று அவர் கேட்க, "போகும், ஏறுங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியைப் பார்த்தேன். இரண்டாவது ஊரில் திரைச்சீலை மூட்டையோடு ஒரு தையல்காரர் ஏறி, ஆறாவது ஊர் என்றார். அதற்கடுத்த நிறுத்தத்தில் ஒரு பேண்டு வாத்தியக்காரர், பெரிய டிரம்மோடு. அவருக்குக் கால் நீளம் என்பதால் முன் சீட்டை அவருக்குக் கொடுத்து, அம்மாவைப் பின்னால் நர்சம்மாவுக்கும் தையல்காரருக்கும் நடுவில் உட்காரவைத்தோம். டிரம்முக்கு வேறு இடமில்லை, அம்மா மடியில்தான் வைக்க வேண்டியிருந்தது. மணிக்கூண்டு வந்தது, காற்றாலை வந்தது, பழைய கோட்டைச்சுவர் வந்தது. "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "தோல் நல்லா இழுத்துக் கட்டியிருக்காங்க" என்றாள், டிரம்மைப் பார்த்தபடி. கல்பாலம் வந்ததும் "நிறுத்தறேன்னு சொன்னீங்களே" என்றாள். "நாலு நிமிஷம் லேட்டு" என்று சொல்லி நான் நிறுத்தாமல் போய்விட்டேன். யார் எனக்கு டைம் போட்டுக் கொடுத்தார்கள் என்று கேட்காதே.

அவள் சுற்றுலாப் புத்தகத்தை மூடி டிரம்மின் மேல் வைத்துவிட்டாள். நாலாவது ஊரில் நர்சம்மா இறங்குமுன்னே இரண்டு தடியன்கள் கதவைத் திறந்து உள்ளே நுழையப் பார்த்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "இறங்கறவங்களுக்கு வழி விடுங்க. ஒருத்தர்தான் ஏறலாம், இன்னொருத்தர் அடுத்த வண்டியில வாங்க." நம்ம அம்மாதான். அவர்கள் பயந்துபோய் ரெண்டு பேருமே ஏறவில்லை. ஐந்தாவது ஊரில் வாத்தியக்காரர் டிரம்மோடு இறங்க, அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "இத்தனை வருஷத்துல உங்க பஸ்ல நான் ஒரு தடவைகூட ஏறினதில்லைங்க. விடியறதுக்குள்ள போயிடுவீங்க, நான் தூங்கப்போறப்ப வருவீங்க. இப்பத்தான் நீங்க வேலை பார்க்கறதைப் பார்க்கறேன். நல்லாத்தான் ஓட்டறீங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண் விஷயம் என்பதால் இதை உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. அப்புறம் பேச்சு சுவாரஸ்யத்தில் ஊர்கள் போனதே தெரியவில்லை.

ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து, தூணுக்கும் காருக்கும் ஒரு முழம் இடைவெளி விட்டு ஷெட்டில் ஏற்றிப் பூட்டினேன். சாப்பிட்டுச் சாய்ந்தோம். அரைமணி கழித்து ஷெட்டுக்குள்ளிருந்து ஹாரன் அடித்தது. ஓடிப்போய்த் திறந்தால், பின் சீட்டில் திரைச்சீலைகளுக்கு அடியிலிருந்து எழுந்து, ஒரு கையால் ஹாரனை எட்டிப் பிடித்தபடி தையல்காரர், "என் ஊர் வந்துடுச்சா?" என்றார். நல்ல மனுஷன், கோபப்படவில்லை. ஜன்னல் திறந்திருந்ததால் காற்றுக்கும் குறைவில்லை. திரும்பக் கொண்டுபோய் விட்டு வந்தேன்.

தூண் உரசியது ஒன்றுமில்லை, நிறுத்தத்தில் நிறுத்தியது பழக்கதோஷம். ஆனால் கடைசி சீட்டு வரை பார்க்காமல் எங்கள் டிப்போவில் எந்த வண்டியும் பூட்டப்பட்டதில்லை. ஒரு ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன். நீ சொன்னது சரிதான்டா. எனக்கு வயசாகிவிட்டது. சாவி மேஜை இழுப்பறையில், இடதுபக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போ. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை.

நீயும் மருமகளும் எல்லா நலமும் பெற்று, தூணில்லாத வாசல் வைத்து வீடு கட்டி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அம்மா இதைப் படித்துவிட்டாள். "உங்க பஸ்ல கடைசி சீட்டைப் போய்ப் பார்த்தது நீங்களா, கண்டக்டரா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். கண்டக்டர்தான். "அப்ப நேத்து தப்பு என்னோடது. அதுக்கு நீங்க எதுக்குச் சாவியைக் கொடுக்கணும்?" என்றாள். ஆகவே சாவி இழுப்பறையில் இல்லை, அவள் கைப்பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நாங்களும் வீட்டில் இருக்க மாட்டோம். நர்சம்மாவுக்கு அன்று டியூட்டி, தையல்காரர் ஏழாவது ஊரில் திரைச்சீலை மாட்ட வேண்டும், இருவருக்கும் அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். நீ வருவதென்றால் ஒன்பது ஐம்பதுக்குள் நம் ஊர் நூலகத்து நிறுத்தத்தில் வந்து நில், ஜன்னலோர சீட்டு உனக்கு. வரும்போது ஒரு விசில் வாங்கி வரச் சொன்னாள். கல்பாலத்தில் வண்டி பத்து நிமிஷம் நிற்கும், அது கண்டக்டர் உத்தரவு.