'ஆ' காட்டச் சொன்ன முழுங்கு நைனா

திருத்தணியில் முருகனுக்குப் பயப்படாதவர்கள்கூட இருக்கலாம். முழுங்கு நைனாவுக்குப் பயப்படாத சர்க்கரை நோயாளி ஒருவர்கூடக் கிடையாது!

பஸ் ஸ்டாண்டு பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார். ஆண், பெண், சிறிசு, பெரிசு எல்லாருமே அவருக்கு 'நைனா'தான். மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிற ரகமில்லை. எதிரிலேயே முழுங்க வைத்து, "ஆ காட்டு, நாக்கத் தூக்கு" என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் கிளம்பும்போது ஓடிப்போய் ஏறி, "மூணாவது சீட்டு நைனா, வெள்ள மாத்திர ராத்திரிக்கு! மறந்தே, உன் ஊருக்கே வந்துடுவேன்!" என்று கத்துவார். மறுநாள் கண்டக்டரே அந்த மூணாவது சீட்டு அம்மாவிடம், "ராத்திரி போட்டியாம்மா?" என்று விசாரிப்பார்.

பழைய அட்டையைக் காலியாகக் காட்டினால்தான் புது அட்டை. என் பாவா, அதாவது அக்கா புருஷன், அம்மையார்குப்பத்தில் தறி வைத்திருப்பவர், இதற்கொரு குறுக்குவழி கண்டுபிடித்தார். பத்து நாள் அட்டையை ஆறாம் நாளே காலியாக நீட்டினார்.

"மொத்தமும் முழுங்கியிருந்தா நீ இங்க நின்னுகினு இருக்கமாட்டே. எங்க போட்டே?"

"தறிக் குழியிலங்க."

தொலைந்தார். சேலை கொடுக்கத் தினமும் திருத்தணி வருகிறவராச்சே! அன்று முதல் கடை வாசலிலேயே மாத்திரை, 'ஆ', பிறகு பக்கத்து ஓட்டலில் இட்லி. அது முடிந்தால்தான் விடுதலை. நாளடைவில் நைனாவைக் கண்டாலே பாவாவின் வாய் தானாகத் திறந்துகொண்டது. எங்கள் வீட்டுக் கல்யாண போட்டோ ஒன்றில் வாயைப் பிளந்தபடி நிற்பார். போட்டோக்காரருக்குப் பின்னால் நைனா நின்றிருந்தார்.

அப்புறம் ஆடிக் கிருத்திகை வந்தது. பாவாவுக்குக் காவடி வேண்டுதல். நானும் கூடப் போனேன். கடை பக்கமே போகாமல் நேராகப் படியேறினோம்.

நைனா விடுவாரா? அக்காவுக்குப் போன் போட்டார்.

"உங்களுக்குப் பயந்துகினு காலையிலயே வீட்டுல இருந்த மாத்திரய போட்டுட்டாருங்க."

"சாப்ட்டாரா?"

"விரதமாச்சே, எப்படிங்க சாப்டுவாரு?"

அவ்வளவுதான். மாத்திரை போட்டுச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடுமே! குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார் மனிதர்!

பாதிப் படியில் பாவாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. நான் காவடியை வாங்கிக்கொண்டு அவரை உட்காரவைத்தேன். பேச்சு குழறியது. பக்திப் பரவசம் என்று நினைத்துப் பக்கத்தில் ஒருவர் அவரைக் கும்பிடவே ஆரம்பித்துவிட்டார்!

அப்போதுதான் கீழேயிருந்து அந்தக் குரல். "வழி வுடுங்க! சக்கர! சக்கர!"

பிரசாதம் என்று நினைத்து இரண்டு பக்கமும் கைகள் நீண்டன. "அய்யோ, மருந்துப்பா இது!" என்று கத்திக்கொண்டே நைனா வந்து விழுந்தார்.

பாவா தலையைத் திருப்பிக்கொண்டார். "வேணாம்... வெரதம் கெட்டுடும்."

"முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன். ஆ காட்டு!"

வாய் திறந்துகொண்டது! எத்தனை நாள் பழக்கம்! தண்ணீரில் கரைத்துக் கரைத்துப் புகட்டினார். கால் மணி நேரத்தில் பாவா நிமிர்ந்து, "என் காவடி எங்க?" என்றார். நான் அழுதே விட்டேன்.

நைனா சிரிக்கவில்லை. "சாப்பாட்டுக்கு முன்னாடி போடுன்னீங்களே, சாப்பாடு சாயங்காலம்தானே நைனா?" என்று பாவா கேட்டதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போட்டியான்னே கேட்டுகினு இருந்தேன். விரதம் இருப்பியான்னு ஒரு நாளாவது கேட்டேனா?"

இப்போது எனக்கும் சர்க்கரை. சென்னையில் தனியாக இருக்கிறேன். காலை எட்டு மணிக்கு நைனாவின் போன் வரும். மாத்திரை அப்புறம்தான், முதல் கேள்வியே "சாப்ட்டியா நைனா?" இந்த ஊரில் என்னை அப்படிக் கேட்க வேறு யாருமில்லை. அதனால் சில நாள் முதல் போனை எடுக்கமாட்டேன். ஐந்தே நிமிடத்தில் மறுபடி கூப்பிடுவார்.