அறுபத்தேழாவது பட்டதாரி

பட்டதாரி பிடிப்பவர்கள் என்றோர் இனம் எங்கள் தீவுகளில் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்திரிகையில் எவராவது ஒரு பேராசிரியரின் படம் வந்தால் போதும், "ஆள் எங்கடை ஊர்தான், தாய்வழியிலை" என்பார்கள். தாய்வழியில் இல்லையென்றால் மனைவிவழியில். அதுவும் இல்லையென்றால், அவர் ஒருமுறை திருவிழாவுக்கு வந்து போனவர். அது போதாதா?

அனலைதீவில் இந்த இனத்தின் தலைமகன் ஐயாத்துரை, ஓய்வுபெற்ற தபாலதிபர். கொழும்பிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய பட்டமளிப்புப் பதிவேடுகளை எங்கோ கெஞ்சிப் பிரதியெடுத்து வந்து, குசினி மேசையில் பரப்பி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றுவதும் இறக்குவதுமாக, மனைவி வைத்த தேத்தண்ணி ஆறிப்போவதையும் கவனியாமல், ஒவ்வொரு பெயராக முகர்ந்துகொண்டிருப்பார். பதிவேட்டில் பெயர் இருக்கும், பாடம் இருக்கும், ஆண்டு இருக்கும். ஊர் இராது. வேறொருவருக்கு அது குறையாகத் தெரிந்திருக்கும். ஐயாத்துரைக்கு அதுவே வசதி.

இப்படிச் சேர்த்த அறுபத்தாறு பெயர்கள் வாசிகசாலைச் சுவரில், ஊர்ப் பட்டதாரிகளுக்கான நீலப் பலகையில் ஏறியிருந்தன. எழுதியவர் தர்சினி, வாசிகசாலையைப் பார்த்துக்கொள்பவர். எழுத்து அச்சுப்போல இருக்கும். பக்கத்துத் தீவான நயினாதீவிலும் நடராசா என்றொருவர் இதே தொழிலில் இருக்கிறார். அவருடைய பலகையிலும் அறுபத்தாறு. ஐயாத்துரைக்குச் சாப்பாடு இறங்காததற்கு வேறு காரணம் வேண்டுமா?

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெயர் அகப்பட்டது. க. சரவணமுத்து, கணிதம், 1968.

"க எண்டால் கந்தையா," என்றார் தர்சினியிடம். "கந்தையா எண்டால் எங்கடை வடக்கு வட்டாரம்."

"கந்தையா எல்லா ஊரிலையும் இருப்பினம், ஐயா."

"இருப்பினம். கணிதம் படிச்ச மகன் எல்லாக் கந்தையாவுக்கும் இருக்குமோ?"

நாலு பேரைப் பிடித்து, கொழும்பில் இருந்த சரவணமுத்துவின் தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டார்.

"நீங்கள் எங்கடை ஊர் ஆள்," என்றார் எடுத்த எடுப்பில்.

"அப்பிடியோ? எனக்கே தெரியாதே."

"உங்களுக்குத் தெரியாட்டி என்ன, எனக்குத் தெரியும். தகப்பன்ரை பேர் கந்தையா தானே?"

"ஓம்," என்று மறுமுனையிலிருந்து வந்தது.

சரவணமுத்து மலைநாட்டுப் பதுளையில் பிறந்தவர். அங்கே கடை வைத்திருந்த தகப்பன், மகனுக்கு இரண்டு வயதாகும்போது காலமானார். தாயும் அடுத்த வருடமே போய்விட, பிள்ளையைப் பக்கத்துக் கடைக்காரர் வளர்த்தார். தகப்பன் தீவுப் பக்கத்து ஆள் என்பதற்கு மேல் வளர்த்தவருக்கும் தெரியாது. எந்தத் தீவு? சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. பிறகு சரவணமுத்து படித்து, படிப்பித்து, ஓய்வும் பெற்றார். போன இடமெல்லாம் நம்மவர்கள் அவரிடம், "சொந்த ஊர் எது?" என்று கேட்டார்கள். "பதுளை" என்றால், "அது சரி, சொந்த ஊர்?" என்று மறுபடியும் கேட்டார்கள். நாம் கேட்காமல் விடுவோமா?

எண்பது வயதில் அவர் ஊர்காவற்றுறையில் படகேறி வந்து இறங்கினார். ஐயாத்துரை மாலையோடு நின்றார். வழியில் கண்டவர்களையெல்லாம் மறித்து, "இவர் உமக்குப் பெரியப்பா முறை", "இவர் உங்கடை மச்சான் முறை" என்று உறவு பங்கிட்டுக்கொண்டே போனவர், கடைசியில் பனைகளும் பற்றையுமாய்க் கிடந்த ஒரு வளவின் முன்னால் நின்றார்.

"இதுதான் உங்கடை ஐயா பிறந்த வளவு."

அந்த வளவுக்காரர் கனடாவில். மறுத்துச் சொல்ல ஒருவரும் பக்கத்தில் இல்லை. சரவணமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஒரு பனையில் கையை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, மெதுவாகக் கேட்டார்.

"வடிவாத் தெரியுமோ? நிச்சயம்தானோ?"

ஐயாத்துரைக்குச் சொல்லத் தெரியாத உறவுமுறை உலகத்தில் இல்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவரால் முடியவில்லை.

"இல்லை, ஐயா. தெரியாது. பலகையிலை ஒரு பேர் கூடவேணும் எண்டுதான்..." என்று நிலத்தைப் பார்த்தார்.

சரவணமுத்து கோபிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இவ்வளவு காலமும் எல்லாரும் என்னட்டை எந்த ஊர் எண்டு கேட்டவை. எங்கடை ஊர் எண்டு சொன்ன ஆள் நீர் ஒருத்தர்தான். பேரை எழுதும்."

வாசிகசாலைக்குத் திரும்பினார்கள். தர்சினி கதிரையில் ஏறி நின்று அறுபத்தேழாவது பெயரை எழுதினார். இறங்கவில்லை. தூரிகையை மறுபடி தோய்த்து, அதற்குக் கீழே தன்னுடைய பெயரையும், புவியியல் என்ற பாடத்தையும், ஆண்டையும் எழுதினார். அதே பல்கலைக்கழகம்.

"பிள்ளை, நீர் பட்டதாரியோ?" என்றார் ஐயாத்துரை.

"ஓம் ஐயா. ஒன்பது வருசமா."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை. கொழும்பிலை, கனடாவிலை இருக்கிற ஆக்களைத்தானே தேடினனீங்கள். நான் இஞ்சை உங்களுக்கு முன்னாலை இருந்திட்டன்."

ஐயாத்துரை வெட்கப்பட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் பலகையை மேலிருந்து கீழ்வரை இருமுறை எண்ணினார். முகம் மலர்ந்தது. கைத்தொலைபேசியை எடுத்து நயினாதீவுக்கு அழைத்தார்.

"நடராசா அண்ணை, அறுபத்தெட்டு."

சரவணமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். தர்சினியும்தான். அன்று பின்னேரப் படகுக்குச் சரவணமுத்துவை ஊர் விடவில்லை. மச்சான் முறையானவர் ஒருவர் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த நாள் இன்னொருவர். இப்போது அவர் வருடத்துக்கு இருமுறை வந்து, ஊர் வம்பில் இறங்கி, இரண்டு பேரோடு கோபமும் போட்டிருக்கிறார். ஊராள் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி?

நீங்கள் சிரிக்கலாம். ஆனால், இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, எழுதினவன் எந்தத் தீவு, எந்த வட்டாரம், ஆருடைய மகன் என்று உங்கள் மனம் ஒரு கணமாவது விசாரித்திருந்தால், தயவுசெய்து ஐயாத்துரையைப் போய்ப் பாருங்கள். பதிவேட்டில் இன்னும் எழுபதாம் ஆண்டு தொடங்கவில்லையாம். உதவிக்கு ஆள் தேடுகிறார்.