துணைக்கு வந்தவர்

"காதை நேரா வைங்க சார், ஒண்ணு தொங்குது" என்றார் நடன டீச்சர்.

பாதுகாப்பு அதிகாரி தலையிலிருந்த முயல் காதை நேராக்கிக்கொண்டார். நானூறு பேர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், தலைக்கவசம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே ஆளை வாசலோடு திருப்பி அனுப்புகிறவர் அவர். அங்கே அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். இப்போது சுவர் முழுக்க இருந்த கண்ணாடியில் அந்த மூஞ்சிக்கு மேலே இளஞ்சிவப்பில் இரண்டு காதுகள். பார்க்கச் சகிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு குதித்தார்.

எல்லாம் அன்று காலை ஆரம்பித்த வினைதான். மகளுக்கு ஐந்து வயது, நடன வகுப்பில் முதல் நாள். "புது இடம், அழுவா. துணைக்கு நீங்க இருங்க" என்று மனைவி அனுப்பிவைத்தாள். மாடிப்படி ஏறியதுமே டீச்சர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"துணைக்கு வந்திருக்கிறது நீங்கதானா?"

"ஆமாங்க."

"அப்பாடா! ஷூவைக் கழட்டிட்டு சீக்கிரம் உள்ள வாங்க."

கதவில் 'பெற்றோர் வெளியே காத்திருக்கவும்' என்று பலகை தொங்கியது. புதுப் பிள்ளையின் அப்பாவுக்கு மட்டும் சலுகை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கேட்டிருக்கலாம். ஆனால் அவர் மற்றவர்களைக் கேள்வி கேட்டே பழகியவர். தெரியாது என்று ஒப்புக்கொள்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

வகுப்பில் எல்லாம் ஒழுங்குதான். பதினாறு பிள்ளைகள், தரையில் ஒட்டிய வண்ண வட்டங்களில் ஆளுக்கொன்றில் நிற்க வேண்டும். முதலில் கைகால் உதறல், பிறகு முயல் குதி, பிறகு வரிசையாகத் தண்ணீர், வரிசையாகக் கழிப்பறை, கடைசியில் குனிந்து வணக்கம். துணைக்கு வந்தவர் இத்தனையும் செய்துகொண்டே நாடா கட்ட வேண்டும், மூக்குத் துடைக்க வேண்டும், கழிப்பறை வாசலில் காவல் நிற்க வேண்டும். மகளோ அழவே இல்லை. பத்தே நிமிடத்தில் இரண்டு சிநேகிதிகளைப் பிடித்துக்கொண்டு அப்பாவை மறந்துவிட்டாள்.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அடுத்த வாரம் டீச்சரிடம் நைசாகப் போனார்.

"முட்டி வலிக்குது மேடம். குதிக்க முடியல."

"முதல்லயே சொல்லக்கூடாதா? அப்ப நீங்க மரமா நில்லுங்க."

மரம் என்றால் சும்மா நிற்பது என்று நம்பினார். முயல்கள் அந்த வாரம் குரங்குகளாகப் பதவி உயர்வு பெற்றிருந்தது அவருக்குத் தெரியாது. பதினாறும் அவர் மேல் ஏறின.

சட்டைப் பொத்தான் இரண்டு போய், தலை கலைந்து வெளியே வந்தார். நடைக்கூடத்துப் பெஞ்சின் கோடியில் ஒரு பெண், மடியில் பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். போன வாரமும் அங்கேயேதான் இருந்தாள். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் தாய், கொடுத்து வைத்தவள் என்று அவருக்குப் பொறாமையாக இருந்தது.

"நீங்க தப்பிச்சீங்கம்மா" என்றார்.

"உள்ள நல்லா இருக்கா சார்?" என்று அவள் ஏக்கமாகக் கேட்டாள்.

"அதை ஏன் கேக்கறீங்க!"

மூன்றாம் வாரம் மைத்துனனைக் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பினார். கால் மணி நேரத்தில் ஃபோன் வந்தது.

"மாமா, என்னை உள்ளயே விடல. பதினாறும் மரம் எங்கன்னு கத்துது. டீச்சர் உங்களைத்தான் கேக்கறாங்க. அது என்ன மாமா, மரம்?"

போகவேண்டியதாயிற்று. இப்போது வீட்டிலும் விஷயம் தெரிந்துவிட்டது. மைத்துனன் சாப்பிடும்போதெல்லாம் அவரைப் பார்த்துக் கையைக் கிளைபோல ஆட்டினான்.

நான்காம் வாரம் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ஆடினால் துரத்திவிடுவார்கள் அல்லவா? இடது என்றால் வலது போனார், குதி என்றால் உட்கார்ந்தார், சுற்று என்றால் சுவரில் முட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பதினாறும் வரிசையாகச் சுவரில் முட்டின.

டீச்சர் கை தட்டினார். "பிரமாதம் சார்! அடுத்த வாரம் பெத்தவங்க உள்ள வந்து பார்க்கிற நாள். இதையே போட்டுடுவோம். நீங்கதான் நடுவுல."

"எல்லாரும் வருவாங்களா?"

"எங்கப்பா வருவாரு!" என்றான் பிள்ளைகளில் ஒருவன். "ஃபேக்டரியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறாரு. அங்க ஒரு உம்மணாமூஞ்சி இருக்காராம், விசிலடிச்சாக்கூடத் திட்டுவாராம்."

அதிகாரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஓட்டுநரை வியாழக்கிழமைதான், "வேலை நேரத்துல என்ன கூத்து?" என்று எல்லோர் முன்னாலும் கிழித்திருந்தார்.

உடம்பு சரியில்லை என்று படுத்துவிடலாம்தான். ஆனால் மகள் ஒரு வாரமாகத் தெருவில் ஒருவரை விடாமல், "எங்கப்பா நடுவுல ஆடுறாங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து, முடியாது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

ஆகவே இருப்பதிலேயே பெரிய காதாகப் பார்த்து எடுத்து, பட்டையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆள் அடையாளம் தெரியாது. அவருக்கும் எதுவும் தெரியாது. இரண்டாவது சுற்றிலேயே கால் இடறி, முன்வரிசையில் யாரோ ஒருவர் மடியில் போய் விழுந்தார். பட்டை நழுவியது.

"சார்... நீங்களா?" என்றார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்.

பதினாறு பிள்ளைகளும் அதுவும் ஆட்டம்தான் என்று நினைத்து, ஆளுக்கொரு மடியில் போய் விழுந்தார்கள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பூமி பிளந்து தம்மை விழுங்கினால் தேவலை என்றிருந்தது அதிகாரிக்கு. ஓட்டுநர் சிரிக்கவில்லை. அவரைத் தூக்கி நிறுத்தி, சட்டையைத் தட்டிவிட்டு, "அடிபடலையே சார்?" என்று கேட்டார். வியாழக்கிழமை தாம் பேசியதை நினைத்து அதிகாரி கூனிக்குறுகிப் போனார்.

டீச்சர் முன்னால் வந்தார். "அஞ்சு வாரமா எனக்குக் கை கொடுத்த நம்ம துணை ஆசிரியருக்கு இன்னொரு கைதட்டு!"

யார் அது என்று அதிகாரியும் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நானா?"

"நம்ம டான்ஸ் ஸ்கூல் தலைமை ஆஃபீஸ்ல இருந்து துணை ஆசிரியரா உங்களைத்தானே சார் அனுப்பினாங்க?"

"என்னை என் பொண்டாட்டி அனுப்பினா மேடம். பிள்ளை அழும்னு."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. டீச்சருக்கு மட்டும் முகம் வெளிறிவிட்டது.

"அப்ப அவங்க அனுப்பின ஆள் எங்க?"

எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். கதவருகே அந்தப் பெஞ்சுப் பெண், பையை மார்போடு அணைத்துக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று நின்றுகொண்டிருந்தாள். பேச்சை மாற்றினால் போதும் என்று அதிகாரி அவளிடம் ஓடினார்.

"வாங்கம்மா, இன்னிக்கு எல்லாரும் உள்ள வரலாம். உங்க குழந்தை எது?"

"எனக்குக் குழந்தை இல்ல சார்" என்றாள் அவள். "முதல் நாளே துணைக்கு வந்திருக்கேன்னு வாசல்ல சொன்னேன், துணைக்கு வந்தவங்கல்லாம் வெளியதான் உட்காரணும்னுட்டாங்க."