சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சுவர்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் டொக்கு மாமா தட்டிப் பார்க்காத சுவர் ஒன்று உண்டென்றால், அது கடலூர் ஜெயில் சுவராகத்தான் இருக்கும். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது அதையும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.

மேஸ்திரி வேலையிலிருந்து ஓய்ந்தவர். என் மனைவிக்குத் தூரத்துப் பெரியப்பா, எனக்கு மாமா. தெரிந்தவர்கள் யார் வீடு வாங்கினாலும் முதலில் இவரைக் கூட்டிப் போவார்கள். மடக்கிய விரலால் சுவரைத் தட்டுவார். 'டொக்' என்று கேட்டால் தலையை ஆட்டுவார். 'டப்' என்று கேட்டால், "பூச்சு தனியா நிக்குது, செவுரு தனியா நிக்குது" என்பார். பழக்க தோஷத்தில் பீரோ, கதவு, பலாப்பழம் எல்லாவற்றையும் தட்டுவார். மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பையன் முதுகைத் தட்டிவிட்டு முகத்தைச் சுளித்ததால் ஒரு சம்பந்தமே நின்றுபோனதாகவும் சொல்வார்கள்.

சட்டைப் பையில் ஒரு கோலிக்குண்டு இருக்கும். தரை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க அதை உருட்டிவிட்டு, பின்னாலேயே தவழ்ந்து போவார். வீட்டுக்காரர் கொடுக்கும் காபியைத் தொடமாட்டார். "அதைக் குடிச்சுட்டா விரிசல் கண்ணுக்குத் தெரியாது மாப்ள."

நான் வீடு வாங்க அலைந்தபோது அவரைத்தான் கூட்டிப் போனேன். முதலில் செம்மண்டலத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவர் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. வீட்டுக்கார அம்மா பயந்துபோய், "பெரியவருக்கு நெஞ்சு வலி ஏதாச்சுமா?" என்று என்னைக் கேட்டார். கதவு திறந்தது. கணுக்கால் வரை தண்ணீர். கவிழ்த்த வாளி மேல் மாமா உட்கார்ந்திருந்தார்.

"பத்து வாளி ஊத்தினேம்மா. என்னையும் சேத்து எல்லாம் உள்ளயேதான் இருக்குது."

முதுநகரில் இன்னொரு வீடு. மாமா அதற்குள் போகவே இல்லை. எதிர் வீட்டுப் பெண்ணிடம், "மழைக்குத் தண்ணி எதுவரைக்கும்மா வரும்?" என்று கேட்டார். அந்தப் பெண் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். "வாங்க மாப்ள, போலாம்."

இப்படியே எட்டு வீடு போயிற்று. "எங்க பெரியப்பா பாக்குற லட்சணத்துக்கு, நமக்கு அறுபதாங் கல்யாணமும் வாடகை ஊட்லதான்" என்று என் மனைவி புலம்பினாள்.

ஒன்பதாவது வீட்டை 2006-இல் பார்த்தோம். சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம் போகிற ரோட்டில், வயலில் மண் கொட்டி மேடாக்கிக் கட்டிய வீடு. பூஜை அறையில் ஆளுயர நடராஜர் படம், புது மாலை, எரிகிற விளக்கு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் வாடகை வீட்டு அலமாரிக்குள் சாமியை வைத்துக் கும்பிட்டவன் நான். பெருமானே கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா படத்தின் ஓரமாகத் தட்டினார். டொக். டொக். டப்.

"வயல் மண்ணு எறங்கியிருக்கு. சாமிய கொஞ்சம் எறக்கிப் பாக்கணும்."

வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வெளக்கு எரியறப்போ எப்படிங்க?"

"அது அணையட்டும். நான் உக்காந்திருக்கேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்க தட்டுற வேலையெல்லாம் சாமிகிட்ட வேணாம் மாமா. பக்தி இல்லாத ஆளைக் கூட்டியாந்தது என் தப்பு."

அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னேன். மாமா கோலிக்குண்டைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"சாமிய நான் சந்தேகப்படல மாப்ள. ஆணி அடிச்சவனத்தான்."

தனியாகவே கடலூர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

பத்திரம் பதிந்தாயிற்று. பழைய வீட்டுக்காரர் காலி செய்தபோது படத்தைக் கையோடு கொண்டுபோனார். பின்னால், மேலிருந்து கீழ்வரை விரிசல். அவசரமாக அடைத்த பூச்சு உதிர்ந்து, என் விரல் உள்ளே போயிற்று. அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் புது நடராஜர் படம் வாங்கி வந்து அதே இடத்தில் மாட்டினேன். ஆணியையும் நான்தான் அடித்தேன்.

விசேஷத்துக்கு மாமா வந்தார். படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் மச்சான் சும்மா இருக்காமல், "என்னா பெரியப்பா, தட்டலியா? டொக்கா, டப்பா?" என்று சீண்டினான்.

மாமா கை கூப்பிக்கொண்டே, "நல்ல ஊடுடா" என்றார். அன்றைக்கு ஒரு சுவரையும் அவர் தொடவில்லை.

அங்கேயே காலில் விழுந்திருக்க வேண்டும். சபையில் கூச்சமாக இருந்தது. கடலூர் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். மழைக்கு மழை விரிசல் வளர்ந்தது. நடராஜரைத் தாண்டி அது வெளியே வந்ததும் பக்கத்தில் முருகரை மாட்டினேன். மூன்றாம் வருஷம் பிள்ளையாரும் வந்தார். எனக்குப் பக்தி முற்றிவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். எந்த முகத்தோடு கடலூர் போவது என்று நான் இருக்க, 2010-இல் மாமா போய்விட்ட செய்தி வந்தது.

காரியத்தன்று அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"அவருக்கு எல்லாம் தெரியும்பா. மழை புடிச்சா அந்த மனுசனுக்குச் சோறு எறங்காது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரருக்குப் போனப் போட்டு, 'அங்க மழை ஜாஸ்தியா?'ன்னு கேட்டுக்கினே இருப்பாரு."

"எங்க ஊட்டு நம்பர்தான் இருந்துச்சே அத்தை?"

"நானும் கேட்டேன். 'வேணாம்டி, மாப்ள சங்கடப்படுவாரு'ன்னுட்டாரு."