வந்த நோக்கம்: வெளிநாடு செல்ல

ஓசியில் உலகம் சுற்ற ஆசைப்பட்டவன் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது மரியாதை.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம்மாட்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். எல்லாரும் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வார்கள். நான் வாய்ப்பாடாக எடுத்துக்கொண்டேன். ஒரு வீட்டில் மூன்று நாள் தங்கலாமென்றால், முப்பது வீட்டில் மூன்று மாதம் தங்கலாம். ஹோட்டல் எதற்கு?

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு போன் திருத்தும் கடையில் வேலை. பத்தாம் வகுப்புக்கு மேலே ஒரு படியான ஓ.எல். பரீட்சையோடு படிப்பு முடிந்தது. ஆங்கிலம், படங்களின் அடியில் ஓடும் எழுத்தைப் பார்த்து நானாகப் படித்தது. அதனால் ஆங்கிலத்தில் எனக்குக் கோபமும் காதலும் நன்றாக வரும், விண்ணப்பம் எழுத வராது.

இணையத்தில் ஒரு தளம் இருந்தது. பெயர் வேண்டாம். முன்பின் தெரியாதவர் வீட்டில் காசு கொடுக்காமல் தங்கலாம். பதிலுக்கு நீங்களும் முன்பின் தெரியாதவரை வீட்டில் தங்கவிட வேண்டும். தங்கிப் போனவர் உங்களைப் பற்றி நாலு வரி எழுதுவார். அந்த நாலு வரி நன்றாக இருந்தால் ஐரோப்பாவில் எந்தக் கதவும் திறக்கும் என்று தளத்தில் போட்டிருந்தது. நான் உடனே புறக்கோட்டைக்குப் போய் முதுகில் மாட்டும் பச்சைப் பை ஒன்று வாங்கினேன். (விசா இல்லை, டிக்கெட் இல்லை, லீவு இல்லை. பை இருந்தது.)

பையைப் பார்த்த அப்பா கேட்டார்:

"என்ன தம்பி, ஏஜென்சிக்குக் காசு கட்டி வெளியிலை போறியோ?"

"இல்லையப்பா. சும்மா பாக்கப் போறன். மூண்டு மாசம் சுத்திப் பாத்திட்டுத் திரும்பி வந்திடுவன்."

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "திரும்பி வருவன் எண்டு நீ சொன்னால் உலகத்திலை ஒரு எம்பசிக்காரனும் நம்ப மாட்டான். பெத்தவன், எனக்கே நம்பிக்கை இல்லை."

அவர் சொன்னதில் பிழையில்லை. தளத்தில் கதவு திறக்கலாம். நாட்டுக்குள் விட வேண்டுமே. அதற்கு அந்த ஊர்க்காரர் ஒருவரின் அழைப்புக் கடிதம் வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தக் கடிதத்துக்காகத்தான் நான் விருந்தோம்பத் தொடங்கினேன். தூண்டிலில் புழுவுக்குப் பதில் அம்மாவின் புட்டு.

மாட்டிய மீன், தளம் வழியாக வந்த ஐரோப்பாக்காரன் யோனாஸ். ஆறடி உயரம், தங்க நிறத் தாடி. எட்டு மாதமாக ஒரு கட்டிலுக்கும் காசு கொடுத்ததில்லை என்று வாசலிலேயே பெருமையாகச் சொன்னான். அம்மாவுக்கு நான் அதை மொழிபெயர்த்தேன்.

"பாவம் பிள்ளை," என்றாள் அம்மா.

இரண்டு அறை வீடு எங்களுடையது. என் அறை, என் கட்டில், வீட்டில் சத்தம் போடாமல் சுற்றும் ஒரே மின்விசிறி மூன்றும் யோனாசுக்குப் போயின. நான் ஹோலில் பாயோடு கிடந்தேன். மாட்டுப்பால், முட்டை, மீன் ஒன்றும் தொடமாட்டேன் என்றான். அம்மா ஒரு நிமிடம் கலங்கிவிட்டு, "மாட்டுப்பால்தானே கூடாது? தேங்காய்ப்பால் ஓமோ எண்டு கேள்," என்றாள். ஓம் என்றான். அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க ஆளில்லை. சொதியைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தான். "இவ்வளவு கொஞ்சத்தை வைத்துக்கொண்டு நீங்கள் எவ்வளவு சந்தோசமாக இருக்கிறீர்கள்!" என்று எங்கள் ஹோலைச் சுற்றிப் பார்த்துச் சொன்னான். (கொஞ்சமா? அந்தச் சோபா செட்டுக்கு அம்மா ஒன்றரை வருடம் சீட்டுப் போட்டாள்.) நான் இதை மொழிபெயர்க்கவில்லை.

மூன்று நாள் போயிற்று. ஐந்து நாள் போயிற்று. "மருந்து முடிஞ்சுது, விருந்து முடியேல்லை," என்றாள் அம்மா. ஆனாலும் அடுத்த நாளும் தேங்காய் திருவினாள்.

வீட்டில் நிம்மதியில்லாமல் இருந்தது அப்பா ஒருவர்தான். காரணம், யோனாசை இன்னும் பொலிசில் பதியவில்லை.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழ் வீட்டுக்கு ஆள் வந்து தங்கினால், சோறு போடுவதற்கு முன் பொலிசில் பதிய வேண்டும். பெயர், அடையாள அட்டை, வீட்டுக்காரருக்கு என்ன உறவு, வந்த நோக்கம். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து ஆள் வராத மாதம் கிடையாது. அத்தனை பேரையும் அப்பா கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்தார். ஒவ்வொரு படிவத்திலும் ஒரு பிரதி எடுத்துப் பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, அலுமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சண்டை முடிந்தது. பதியச் சொல்லி யாரும் கேட்பதில்லை. மழை விட்டாலும் தூவானம் விடாது என்பார்களே, அப்பாவுக்குத் தூவானம் விடவேயில்லை. இன்றைக்கும் மாமா மகள் இரண்டு நாள் வந்து நின்றால், அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு போட்டோக் கொப்பி கடைக்குப் போய்விடுவார்.

யோனாஸ் வந்த அன்றே கேட்டார். நான் தடுத்தேன்.

"அப்பா, வெள்ளைக்காரனை ஆரும் பதியிறேல்லை. என்ரை மானத்தை வாங்காதேங்கோ."

"வெள்ளையோ கறுப்போ, ராவைக்கு இஞ்சை படுத்தால் பதியோணும்."

"அவன் என்னைப் பற்றி எழுதவேணும் அப்பா. கடிதம் தரவேணும்."

கடிதம் என்றதும் அப்பா விட்டுக்கொடுத்தார். ஆனால் நித்திரை கொள்ளவில்லை. கதவு மணி அடித்தால் பொலிஸ்தான் என்று எழும்பிச் சேர்ட்டைப் போட்டுக்கொள்வார்; பால்காரனுக்கும் சேர்ட், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்ட். அதைப் பார்த்து நான் சிரித்தேன் என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

பதினோராம் நாள் யோனாஸ் வாய் நிறையப் புட்டோடு நல்ல செய்தி சொன்னான். தன் தாய் அழைப்புக் கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டாளாம். நாளைப் பின்னேரம் எனக்கு அனுப்புவாளாம். தாயின் வீட்டில் எனக்கு ஒரு அறையும் உண்டாம். நான் அன்றைக்கு அந்தப் பச்சைப் பையை எடுத்து, இரண்டு காற்சட்டையும் ஒரு துவாயும் அடுக்கி, முதுகில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். ஐரோப்பா என் முதுகில் ஏறிவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலை பத்து மணி. கடையில் ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறேன். அப்பாவின் அழைப்பு.

"தம்பி, நாங்கள் பொலிசிலை நிக்கிறம். ஒருக்கா வாறியே?"

"நாங்கள் எண்டால்?"

"நானும் யோனாசும்."

நடந்தது இதுதான். அவர்கள் இரண்டு பேரும் தினமும் காலையில் பால் விடாத பிளேன்டி குடிக்கக் காலி வீதிக்கு நடப்பார்கள். அப்பாவின் ஆங்கிலம் "டீ, வோக்" என்ற இரண்டு சொல்தான். அது அவர்களுடைய நட்புக்குப் போதுமாக இருந்தது. அன்று டீ குடித்த பிறகு அப்பா இன்னொரு தரம் "வோக்" என்றார். யோனாஸ் செருப்போடு பின்னால் போனான். அப்பாவின் கைக்குள் கோப்பு இருந்தது. கடிதம்தான் வந்துவிடப் போகிறதே, இனிப் பதிந்தால் தம்பிக்கு நட்டமில்லை என்று அவர் நினைத்தாராம்.

எந்தப் பொலிஸ் என்று கேட்காதீர்கள். நான் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறேன்.

நான் உள்ளே போனபோது, மின்விசிறிக்கு நேர் கீழே, கைபிடி வைத்த கதிரையில் யோனாஸ் இருந்தான். கையில் டீக் கோப்பை, சோசரோடு. சுவரோடு அப்பா நின்றார், படிவக் கோப்பை நெஞ்சில் அணைத்துக்கொண்டு. முப்பது வருடம் இரும்புக் கடையில் நின்றே வியாபாரம் செய்தவர். முழங்கால் இரண்டும் தேய்ந்து, நிற்கவே கூடாது என்று டொக்டர் சொன்னவர். அவர் வாய் திறக்கும்போதெல்லாம் மேசைக்குப் பின்னால் இருந்த பொலிஸ்காரர், "பொட்டக் இன்ன" என்றாராம். சிங்களத்தில் கொஞ்சம் பொறு என்று அர்த்தம். கொஞ்சம், ஒன்றரை மணித்தியாலம் ஆகியிருந்தது.

சிக்கல் என்னவென்றால், படிவத்தோடு அப்பா கொடுத்த பாஸ்போர்ட் பிரதியை (எனக்குத் தெரியாமல் முன்பே எடுத்து வைத்திருந்தார்) எங்கள் வீட்டில் ஒருவரும் வாசிக்கவில்லை. பொலிசில் வாசித்தார்கள். யோனாசின் விசா ஆறு கிழமைக்கு முன்பே முடிந்திருந்தது.

மேசைக்காரர் யோனாசிடம் ஆங்கிலத்தில் கனிவாகச் சொன்னார்: "சேர், நாளைக்குக் குடிவரவுக் கந்தோருக்குப் போய் அபராதம் கட்டுங்கள். பிரச்சினை இல்லை. இன்னும் கொஞ்சம் டீ?"

பிறகு எங்களிடம் திரும்பினார். எந்த ஊர்? கொழும்புக்கு எப்போது வந்தது? வீடு யாருடைய பெயரில்? கரண்ட் பில் எங்கே? விசா முடிந்த ஆளை ஏன் வைத்திருந்தாய்? பன்னிரண்டு நாள் ஏன் அறிவிக்கவில்லை?

அறிவிக்க வந்தவரைப் பார்த்து, ஏன் அறிவிக்கவில்லை என்று கேள்வி. மகன் தடுத்தான் என்று சொன்னால் என் பெயரும் எழுதப்பட்டுவிடும் என்று அப்பா பயந்தார். "மறந்து போனன் மஹத்தயா," என்றார் சிங்களத்தில். (மஹத்தயா என்றால் ஐயா.) என் அப்பா உப்பு வாங்க மறப்பார், தன் பிறந்தநாளை மறப்பார். பதிவதை மறக்கமாட்டார்.

அப்போது யோனாஸ் என்னைப் பார்த்தான். முகம் சிவந்திருந்தது.

"இது உனக்குத் தெரியுமா? உன் அப்பா என்னைப் பிடித்துக்கொடுத்திருக்கிறார்."

எனக்கு அந்த நேரத்தில் அப்பா தெரியவில்லை, கடிதம்தான் தெரிந்தது. பின்னேரம் வரப்போகும் கடிதம். நான் படங்களில் படித்த என் அழகான ஆங்கிலத்தில், மேசைக்காரருக்கும் யோனாசுக்கும் சேர்த்துச் சொன்னேன்:

"எனக்கு ஒன்றும் தெரியாது. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் வயது போனவர். தலை சரியில்லை."

சொல்லும்போது நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். ஆங்கிலம் தெரியாதவருக்கும் விளங்கும்படி.

மேசைக்காரர் அப்பாவைப் பார்த்தார். முதல் தடவையாகக் கொஞ்சம் இரக்கமாகப் பார்த்தார். "சரி, கூட்டிக்கொண்டு போ," என்றார். ஆக, என் பொய் வேலை செய்தது. அதுதான் இன்றைக்கும் கசப்பு.

வெளியே வந்து காலி வீதியில் நடந்தோம். யோனாஸ் வேகமாக முன்னால் போனான். அப்பா பின்தங்கினார். நான் நடுவில், யாரோடு நடப்பது என்று தெரியாமல். கடைசியில் அப்பாவுக்காக நின்றேன். அவர் பக்கத்தில் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"தம்பி, தலை சரியாத்தான் இருக்கு. காலுதான் நோகுது."

யோனாஸ் அரை மணித்தியாலத்தில் பையைக் கட்டிவிட்டான். "சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லு," என்றாள் அம்மா. அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். பின்னேரம் கடிதம் வரவில்லை. மூன்றாம் நாள் தளத்தில் நாலு வரி வந்தது:

"சாப்பாடு அருமை. வீடு சின்னது, மனிதர்கள் எளியவர்கள். ஆனால் இவர்களுக்கு ஓர் அந்நியனை நம்பத் தெரியவில்லை. யோசித்துத் தங்குங்கள்."

பன்னிரண்டு நாள் கட்டிலைக் கொடுத்துவிட்டுப் பாயில் கிடந்தவனுக்குக் கிடைத்த நற்சான்றிதழ். அதற்குப் பிறகு யாரும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. நானும் ஒரு கதவையும் தட்டவில்லை.

பச்சைப் பை வீணாகவில்லை. அம்மா அதை வெள்ளவத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகச் சொன்னாள். சனிக்கிழமைகளில் நான் அதை முதுகில் மாட்டிக்கொண்டு போனால், மரக்கறிக்காரர் வெண்டைக்காய் நிறுத்தபடி கேட்பார்: "மல்லி, இண்டைக்கு எந்த நாடு?" (மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.)

கொஞ்ச நாள் கழித்து, என்ன எழுதிக் கொடுத்தார் என்று பார்க்க அப்பாவின் கோப்பை எடுத்தேன். கடைசித் தாள் யோனாசுடையது. வீட்டுக்காரருக்கு என்ன உறவு என்ற இடத்தில் உறவினர் என்று போட்டிருந்தார். வந்த நோக்கம் என்ற இடத்தில், "பிட்டரட்ட யாம". சிங்களத்தில் வெளிநாடு போக என்று பொருள். சிங்களத்தில் அப்பாவுக்குப் பிழையில்லாமல் எழுத வருவது அந்த இரண்டு சொல்தான்.

"அப்பா, அவன் வெளிநாட்டிலையிருந்து வந்தவனெல்லே!"

"எங்கடை வீட்டுக்கு வந்தவை எல்லாரும் அதுக்குத்தானே வந்தவை," என்றார். "அந்தக் கட்டத்திலை வேற என்ன எழுதிறதெண்டு எனக்குத் தெரியாது."

கோப்பை முன்னுக்குப் புரட்டினேன். மாமா, சித்தி, சித்தியின் கொழுந்தன், ஊர்க்காரர். எல்லாரும் பிட்டரட்ட யாம. எல்லாரும் போய்விட்டார்கள், டொரொன்டோவுக்கும் லண்டனுக்கும். முதல் தாள், ஊரிலிருந்து கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் தங்கியிருந்த மூன்று பேருடையது. அப்பா, அம்மா, ஐந்து வயதில் நான். வந்த நோக்கம், பிட்டரட்ட யாம. அந்தக் கோப்பில் வந்த நோக்கம் நிறைவேறாத தாள் அது ஒன்றுதான்.

இப்போது எங்கள் வீட்டில் இது பெரிய பகிடி. விருந்தாளி யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால், அம்மா உள்ளேயிருந்து, "பதிஞ்சாச்சோ?" என்று கத்துவாள். வந்தவர் விளங்காமல் விழித்தால், அப்பா முழுக் கதையையும் சொல்வார். டீயும் வோக்கும், கதிரையும் சோசரும், ஒன்றும் விடமாட்டார். நான் நெற்றியைத் தொட்டுக் காட்டியதை என்னைவிட நன்றாக நடித்துக் காட்டுவார். கடைசியில் காலை நீட்டி, முழங்காலைத் தடவியபடி, "தலை சரியாத்தான் இருக்கு, காலுதான் நோகுது" என்று முடிப்பார்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கொஞ்சம் பிந்தி.