அரைக் கிலோ நாட்டுச்சர்க்கரைக்குக் கார்டு

மண்ணரை, திருப்பூர்
16.8.2008, சனி

அன்புள்ள சுபஸ்ரீக்கு,

பீரோவில் ரொக்கம் அடுக்கி வைத்திருக்கும் மனிதர், ஐம்பது ரூபாய் பெட்ரோலுக்கு ஏன் கார்டு தேய்க்கிறார்? எனக்கு விடை தெரியவில்லை. நலம் விசாரிக்கும் முன் இதைக் கேட்பது முறையல்ல. நாங்கள் நலம். பெங்களூரில் நீயும் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று, ஆதாரம் இல்லாவிட்டாலும், நம்புகிறேன்.

போனில் கேட்க முடியாது, உங்கப்பா பக்கத்திலேயே இருக்கிறார். உன் கணக்கில் நீ எடுத்துக் கொடுத்த கிரெடிட் கார்டை, "புள்ள காசுல பெட்ரோல் போடறதா?" என்று ஆறு மாதம் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தவர்தான். போன மாதம் பர்ஸை மறந்துபோய் மருந்துக் கடையில் தேய்த்தார். உன் செல்லுக்குச் செய்தி வந்து, கார்டு திருட்டுப் போய்விட்டதோ என்று பதறிக் கூப்பிட்டாயே, அன்று பிடித்தது இந்தக் கார்டுப் பழக்கம். பங்க்கில், "ஏனுங்க, அம்பது ரூவாய்க்குமா மெசினு?" என்று சிரிக்கிறார்கள். நம் கம்பெனி டெய்லர் ஜெயபாண்டி, "மொதலாளி, எங்க சம்பளத்தையும் தேய்ச்சே குடுத்துருவீகளோ?" என்கிறார். கொத்தமல்லிக் கட்டுக்கு எட்டணா பேரம் பேசுகிறவர் கடைக்காரருக்குக் கார்டுக்கென்று இரண்டு சதவீதம் கூடக் கொடுக்கிறார், மாதக் கடைசியில் பேங்க்கில் வரிசையில் நின்று அத்தனையையும் உன் கணக்கில் ரொக்கமாகக் கட்டுகிறார், அப்புறம் கார்டு எதுக்குங்க என்று கேட்டால், "அது கெடக்குது, உடு" என்கிறார்.

ஆகவே கார்டை ரத்து செய்துவிடு. நம் வீட்டுக்கு ரொக்கமே போதும்.

தூரத்தில் இருப்பவர்களையும் குலதெய்வம் மறப்பதில்லை என்பார்கள். உன்னையும் காக்கட்டும்.

ஆசிகளுடன்,
அம்மா

பி.கு.: இன்று ஞாயிறு, தபால் இல்லை. கடிதம் என்னிடமே இருக்கிறது. காலையில் கடைக்கு நானும் கூடப் போனேன். அரைக் கிலோ நாட்டுச்சர்க்கரைக்குக் கார்டு தேய்த்தார். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்காமல், செல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"போலாங்களா?"

"இரு புள்ள. கூப்புடுவா."

நீ கூப்பிடவில்லை. தூங்கியிருப்பாய். திரும்ப உள்ளே போய் இன்னும் அரைக் கிலோ வாங்கினார். அப்புறம்தான் செல் அடித்தது. உன் குரல் எனக்கும் கேட்டது.

"ஏனுங்கப்பா, ரெண்டு வாட்டி தேச்சுட்டாங்களா?"

"மெசினு கோளாறாட்டம் இருக்குது கண்ணு. அது கெடக்குது, நீ சாப்ட்டியா?"

கார்டை ரத்து செய்யாதே. என் பெயரில் ஒன்று எடுக்க என்னென்ன வேண்டும்? சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.